சாக்கை முகர்ந்து பார்க்கும் தெரு

கொச்சியிலிருந்து போன் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மட்டாஞ்சேரி சுக்குக் கோடவுன் சேட்டு பேசினார். நான் அனுப்பிய சாக்குகளில் கட்டி வைத்த சுக்கில் ஏதோ ஒரு வாசனை ஏறியிருக்கிறது, நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றார். என்ன வாசனை என்று கேட்டேன். ஆஸ்பத்திரி மாதிரி என்றார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன். அது என்ன வாசனை என்று எனக்குத் தெரியும்.

விருதுநகரில் பழைய சாக்கு வாங்கி, தூசி தட்டி, கிழிசல் தைத்து, தரம் பிரித்து, கட்டுக் கட்டாக அனுப்புவது என் தொழில். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவின் சாக்குக் கொட்டகைக்குள் போனவன். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் சாக்கின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்துத்தான் படித்தேன். ஜெத்தா, ஏடன், கல்கத்தா என்று ஊர் ஊராக எழுத்துக் கூட்டிப் படித்தவனுக்கு, கொச்சி என்ற பேர் மற்ற எல்லாவற்றையும்விடப் பழக்கம். நேரில்தான் பார்த்ததில்லை.

கவலைப்படுவது எனக்குச் சுபாவம். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். அந்த வருஷம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. கொட்டகையில் கரப்பான் நடமாட்டம் கண்டேன். சாக்கை அரித்துவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஒவ்வொரு கட்டுக்குள்ளும் அந்துருண்டை போட்டு வைத்தேன். அனுப்புவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டதாகத்தான் நினைப்பு. வாசனையை யார் பொறுக்க முடியும்?

வீட்டில் காரணம் சொல்லவில்லை. சேட்டு பார்க்கக் கூப்பிடுகிறார் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எறணாகுளம் படகுத் துறையில் மட்டாஞ்சேரி படகு என்று நினைத்து வைப்பின் தீவுக்குப் போகிற படகில் ஏறிவிட்டேன். நடுத் தண்ணீரில்தான் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். அவர் மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு, கவலைப்படாதே அண்ணாச்சி, கொச்சியில் எல்லாப் படகும் ஏதாவது ஒரு கரையில் சேரும் என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. திரும்பி வந்து சரியான படகில் ஏறினால், தண்ணீர் வற்றிய நேரமென்று மட்டாஞ்சேரித் துறைக்கு முன்னாலேயே அது சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ஒருவரும் பதறவில்லை. ஒருவர் பேப்பர் விரித்தார். ஒரு அம்மாள் முறுக்கு எடுத்தார். எங்கள் ஊரில் பஸ் ஐந்து நிமிஷம் நின்றால் கண்டக்டரின் குலமே பேச்சுக்கு வந்துவிடும். இங்கே நீர் ஏறும் வரை மனிதர்கள் காத்திருந்தார்கள், கடலோடு ஏதோ பேசி வைத்த மாதிரி.

அந்த நிற்பில்தான் மட்டாஞ்சேரியை முதலில் பார்த்தேன். ஓட்டுக் கூரைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து தண்ணீர் வரைக்கும் இறங்கி நின்றன. ஒவ்வொரு கட்டடத்துக்கும் பின்னால் கல்படிகள், பாசி பிடித்து, தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருந்தன. படியில் இறங்க ஆளும் இல்லை, வந்து சேரப் படகும் இல்லை. பிறகு தெருப் பக்கமாகச் சுற்றி நடந்தபோதுதான் சங்கதி புரிந்தது. எங்கள் ஊரில் கடைக்கு முகம் தெருப் பக்கம். இங்கே தண்ணீர்தான் வாசல். நாம் நடக்கிற பஜார் ரோடு கொல்லைப்புறம். சரக்கெல்லாம் வள்ளத்தில் வந்து, வள்ளத்தில் போன காலத்தில் கட்டியது. அதனால்தான் தெரு இத்தனை ஒடுக்கம். இன்றைக்கு லாரி வந்து, அந்தக் கொல்லைப்புறத்தில் மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க ஹாரன் அடிக்கிறது.

கதவுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தலையில் மூட்டையோடு இரண்டு பேர் எதிரெதிரே கடக்கிற அகலம். நிலைப்படி தரையோடு தரையாக இருந்தது. சுமக்கிறவன் கீழே பார்க்க முடியாதல்லவா? மேலே வீடு, கீழே கோடவுன். மிளகு வாங்க வந்தவர்கள் ஒரு தெருவில் தங்கிவிட்டார்கள், அதற்கு விலை பேச வந்தவர்கள் அடுத்த தெருவில், சுமக்க வந்தவர்கள் அதற்கும் பின்னால். குஜராத்திக்காரர், கொங்கணிக்காரர், கட்ச் பக்கத்துக்காரர், யூதர், நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். எல்லாரும் ஒரே வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்தான். யூதத் தெருவில் பாதிக் கோடவுன்கள் அப்போதே பழம்பொருள் கடையாகியிருந்தன. மிளகு கிடந்த இடத்தில் பித்தளை விளக்கும் பெரிய வார்ப்புப் பாத்திரமும் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் உள்ளே போய் மூச்சை இழுத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் சந்தோஷமாக வெளியே வந்தார்கள். சுவரில் ஏறிய மணத்தை யாரும் விற்கவில்லை, சும்மா கிடைத்தது.

தங்கிய லாட்ஜும் பழைய கோடவுனின் மாடிதான். அறைக்கு நடுவே தரையில் ஒரு சதுரப் பலகை. முன்காலத்தில் கீழிருந்து கயிறு கட்டி மூட்டை ஏற்றிய வழியாம். கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டேன். லாட்ஜ்காரர் அதன்மேல் ஏறி நின்று இரண்டு முறை குதித்துக் காட்டினார். அதன் பிறகு பயம் கூடித்தான் போனது. ஆனால் மதியம் படுத்திருந்தபோது பலகை இடுக்கில் கீழிருந்து வெளிச்சம் கோடு கோடாக ஏறி வந்தது. அதில் தூசி மிதந்தது. மிளகுத் தூசியாகத்தான் இருக்க வேண்டும், தும்மல் வந்தது. வந்த வேலையை மறந்து அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது.

சாயங்காலம் சேட்டைப் பார்த்தேன். மெலிந்த, பொறுமையான மனிதர். எனக்கு முதலில் சாயா சொன்னார். பிறகு ஒரு கை சுக்கை எடுத்து என் மூக்கருகே நீட்டினார். சுக்கின் காரத்துக்கு அடியில், பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்த மாதிரி, என் அந்துருண்டை. எனக்கு வியர்த்தது. வெயில் அதிகம் என்றேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

சேட்டு பேசியதன் சாரம் இதுதான். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சுக்கும் மிளகும் பக்கத்தில் இருப்பதன் மணத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு சாக்கையும் வாயைப் பிரித்து, தலையை உள்ளே விட்டு, முகர்ந்து பார்க்க ஒரு ஆள் இருப்பார். அவர் தள்ளிய சாக்கு திரும்பிப் போகும். அவர் எடுத்த சாக்கு கோடவுனுடையது. பிறகு விற்றவனைக் கேட்க முடியாது. இந்தக் கோடவுனுக்கு மூக்கு, பேச்சியம்மாள் என்ற பெண். என் சாக்கு அத்தனையையும் எடுத்தது அவள்தான்.

"இத்தனை வருஷத்தில் பேச்சி ஒரு தப்புப் பண்ணியதில்லை. அவளைச் சும்மா வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. அதுதான் உங்களை வரச் சொன்னேன், அண்ணாச்சி" என்றார் சேட்டு. "நாளைக்கு உங்கள் முன்னால் ரெண்டு சாக்கு வைக்கிறேன். கெட்டதை அவள் பிடித்தால் மூக்கில் தப்பில்லை, உங்கள் சாக்கு மழை ஈரத்தில் வாசனையை ஒளித்து வைத்து வந்திருக்கிறது. உங்களோடு வியாபாரம் இதோடு சரி. பிடிக்காவிட்டால் மூக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அவளை நிறுத்த வேண்டியதுதான். உங்களைக் கேட்க எனக்கு நியாயமில்லை."

அங்கேயே அந்துருண்டையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அந்தக் கோடவுன் போனால் தெருவே போகும். சாக்குக்காரன் பேர் ஒரு சாயாக் கடையிலிருந்து அடுத்த சாயாக் கடைக்குப் போக எவ்வளவு நேரமாகும்? தண்ணீர் குடித்தேன். ஓட்டலில் போலவே இங்கேயும் அது இளஞ்சிவப்பாக இருந்தது. ஏதோ மரப்பட்டை போட்டுக் காய்ச்சுகிறார்களாம், உடம்புக்கு நல்லதாம். மூன்று தடவை கேட்டுத்தான் குடித்தேன்.

மறுநாள் காலை புட்டும் கடலையும் தின்றுவிட்டுக் கோடவுனுக்குப் போனேன். உள்ளே நுழைந்தால் நடுவில் ஒரு பெரிய முற்றம், நாலு பக்கமும் ஓட்டுத் தாழ்வாரம், முற்றம் முழுக்கச் சுக்கு. விரல் விரலாக, வெளிறிப்போய், வெயிலில் கிடந்தது. பெண்கள் முறத்தோடு உட்கார்ந்து பொடியும் நல்லதும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுக்குப் பொடி எல்லோர் புருவத்திலும் படிந்து, எல்லோருக்கும் ஒரே வயது மாதிரி காட்டியது. ஐப்பசி வெயில் மத்தியானம் வரைக்கும்தான், அதற்குள் என் வாசனை கொஞ்சமாவது பறக்கட்டும் என்று விரித்திருந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருத்தி மட்டும், சாக்குக்கார அண்ணாச்சி வந்திருக்கிறார், மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள் என்று மலையாளத்தில் சொன்னாள். சிரிப்பு முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம் போனது.

பேச்சி நாற்பதைத் தாண்டியவள். புருஷன் முனிசிபாலிட்டியில் வேலை. எனக்குத் தாழ்வாரத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்காரச் சொன்னாள். ஊர் எது என்று கேட்டேன்.

"நான் இங்கத்தான் ஜனிச்சது அண்ணே. திருநெல்வேலின்னு பாட்டன் சொல்லிக் கேட்டிருக்கு, கண்டதில்லை. தமிழ் பேசுவேன், எழுத்து மலையாளந்தான்" என்றாள். சாக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

பதினொரு மணிக்கு எல்லோரும் சாயாவுக்கு எழுந்தார்கள். காலையில் என்னைக் கேலி செய்தவள் பேர் ஜமீலா. பருப்பு வடையோடு என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பேச்சிக்குச் சாக்கின் வாயைப் பிரித்துப் பிடிப்பது அவள் வேலையாம். கொஞ்ச நேரம் வடையைத் தின்றாள். பிறகு, அண்ணாச்சி யாரிடமும் சொல்லமாட்டீர்கள் அல்லவா என்று ஆரம்பித்தாள். சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன்.

அந்த வருஷம் கொச்சியில் வீட்டுக்கு வீடு கொசுக் காய்ச்சல் வந்து போயிருந்தது. பேச்சிக்கும் வந்தது. மூட்டு வலி நின்றுவிட்டது, மணம் மட்டும் திரும்பி வரவில்லை. மீன் குழம்பும் தெரியாது, பூவும் தெரியாது. வெளியே சொன்னால் வேலை போகும். ஆகவே ஜமீலா எதிரில் நின்று சாக்கைப் பிரிக்கும்போது தானும் ஒரு மூச்சு இழுப்பாள். கெட்ட சாக்கு என்றால் முகத்தைச் சுளிப்பாள். பேச்சி தலையை உள்ளே விட்டு நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எடு அல்லது தள்ளு என்பாள். முற்றத்தில் அத்தனை பேருக்கும் இது தெரியும். சேட்டுக்கு மட்டும் தெரியாது.

அப்படியானால் என் சாக்கு எப்படி உள்ளே போனது என்று கேட்டேன்.

"அன்னிக்கு எனக்கு லீவு. தங்கச்சி கல்யாணம்" என்றாள் ஜமீலா. "எதிரே நின்னது அந்தப் புதுசா வந்த குட்டி. அவளுக்குச் சேட்டைக் கண்டா பேடி, பயம். பேடி வந்தா சிரிச்சுட்டே நிப்பா. சேட்டு தாழ்வாரத்துல நிக்கிறார், இவள் கட்டு தீர்ற வரைக்கும் சிரிக்கிறாள். பேச்சி என்ன செய்வாள், எல்லாத்தையும் எடுத்துட்டாள்."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பிறகு இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம். இன்றைக்கும் நீ எதிரில் நிற்பாய்தானே என்றேன். அதைத்தான் சேட்டு நேற்றே தடுத்துவிட்டார், பெண்கள் யாரும் கூட நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்றாள். வடை சுற்றிய காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். என்னிடம் எதையும் கேட்கவில்லை. எழுந்து போய்விட்டாள்.

மத்தியானம் வரைக்கும் தெருக்களில் அலைந்தேன். சாப்பிட்டது கப்பக்கிழங்கா சோறா என்பதுகூட நினைவில்லை. மிளகுக் கோடவுன்களின் வாசலில் காற்று கறுப்பாக இருப்பது போலத் தோன்றியது, சுக்குக் கோடவுன்களின் வாசலில் மஞ்சளாக. ஒரு கோடவுனின் பின்படியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். தண்ணீர் படியை நக்கிவிட்டுப் போனது. தூரத்தில் ஒரு கப்பல், நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாமல். எத்தனை கப்பலுக்கு எத்தனை மூட்டை இந்தப் படி வழியாக இறங்கியிருக்கும், ஒவ்வொரு மூட்டைக்கும் முன்னால் ஒரு மூக்கு குனிந்திருக்கும் என்று நினைத்தேன். கொச்சிச் சுக்கு என்று உலகம் முழுக்கப் பேர். அந்தப் பேரை இந்த ஊர் மூக்காலேயே கட்டிக் காப்பாற்றியிருக்கிறது. ராஜா அரண்மனையும் யூதர் கோயிலும் இருக்கிற ஊரில் இதற்கு ஒரு பலகைகூட வைக்கவில்லை.

நான் சும்மா நின்றாலே போதும். அவள் தப்பாகச் சொல்லுவாள், நான் வீட்டுக்குப் போகலாம். அதை நினைத்தபோது நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை, வேறு மாதிரிக் கவலைதான் வந்தது.

மூன்று மணிக்கு மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. பெண்கள் சுக்கை அள்ளி உள்ளே கொட்டும் அவசரத்தில் இருந்தார்கள். தாழ்வாரத்தில் சேட்டு இரண்டு சாக்கை வைத்தார். வாயைப் பிரித்துப் பிடிக்க ஆள் வேண்டும். நான் பிடிக்கிறேன் என்றேன். வாசனை ஏறாத சாக்காக ஒன்றையும், என் கட்டிலிருந்து ஒன்றையும் எடுத்திருந்தார். எது எது என்று எனக்குப் பக்கத்தில் போனதுமே தெரிந்துவிட்டது. முதல் சாக்குதான் என்னுடையது.

பேச்சி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். சாக்கைப் பிரித்தேன். தலையை உள்ளே விட்டாள். நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது சேட்டு அவளுக்குப் பின்னால் இருந்தார், நான் முன்னால் இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சலே இல்லாமல், தினமும் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

என் வீடு, கொட்டகை, தைக்கிற பெண்கள் எல்லாம் ஒரு சுற்று வந்து போனது. முகத்தைச் சுளித்தேன். நன்றாகவே சுளித்தேன்.

"இது வேண்டாம் சேட்டு" என்றாள் பேச்சி.

இரண்டாவது சாக்கில்தான் சிக்கல் வந்தது. நல்ல சாக்கு. அவள் நிமிர்ந்து பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன தடுமாற்றம் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு உறைத்தது. என் முகமே அப்படித்தான். ஒன்றும் இல்லாத நேரத்தில்கூட ஏதோ நாற்றத்தில் நிற்கிறவன் மாதிரி இருப்பேன் என்று வீட்டில் சொல்லுவார்கள். சிரிக்க வேண்டும். எனக்குக் கல்யாண போட்டோவிலேயே சிரிக்க வரவில்லை. எங்கோ சுக்கு முறத்தில் விழும் சத்தம் கேட்டது. பல் தெரிய, கன்னம் வலிக்க, ஸ்டுடியோவில் உட்கார்ந்தவன் மாதிரி சிரித்தேன்.

"இது எடுக்கலாம்" என்றாள்.

சேட்டு பெரிதாக மூச்சு விட்டார். அவருக்கும் அது வேண்டியிருந்தது போல. என் பக்கம் திரும்பினார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன், கரப்பான், மழை, அந்துருண்டை, எல்லாம். அவர் கோபப்படவில்லை. இருக்கும் சாக்கை எல்லாம் இன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், இனிமேல் அனுப்ப வேண்டாம் என்றார். ஒரு சாயா குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன். அவர் ஏமாந்தது எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்த முற்றத்தில் கெட்ட சாக்கு இனிமேல் உள்ளே போகாது, ஜமீலாவுக்கு இன்னொரு தங்கச்சி இல்லையென்றால்.

கைவண்டிக்காரர் என் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். மழை விழவில்லை, விழப்போகிற வெளிச்சம் மட்டும் தெருவில் நின்றது. ஓடுகள், கதவுகள், லாரியின் முகம், எல்லாம் சுக்கு நிறமாகியிருந்தன. பேச்சி வாசல் வரைக்கும் வந்தாள். நன்றி சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்போ இங்கே என்ன மணக்குதுண்ணே?" என்றாள்.

கைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மூச்சை இழுத்தேன். மிளகு, அது மேலே, தொண்டையில் பிடிக்கிற மாதிரி. அதற்குக் கீழே நனைந்த சணல். எதிர்ச் சாயாக் கடையில் வடை எண்ணெய். படிப் பக்கமிருந்து சேறு, கொஞ்சம் உப்போடு, கொஞ்சம் மீனோடு. பழம்பொருள் கடையிலிருந்து வார்னிஷ். இங்கே உன் முந்தானையிலிருந்து சுக்கு, இனிப்பும் காரமுமாக. மழையும் எங்கோ பெய்ய ஆரம்பித்துவிட்டது, மண் மணம் வருகிறது. எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், சரக்கை எண்ணி இறக்குகிறவள் மாதிரி.

"ஜமீலா இவ்வளவு சொல்லமாட்டாள். நல்லது, கெட்டது, ரெண்டே ரெண்டு முகந்தான் அவளுக்கு" என்றாள்.

கைவண்டிக்காரர் நேரமாகிறது என்று கத்தினார். பேச்சி அவரைக் கையமர்த்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லுங்க, மெல்லச் சொல்லுங்க என்றாள். நான் மிளகிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.